செல்லூர் கண்மாய்க்கு உறை ஊற்றினால் தெளியுமா? நுண்ணுயிர் தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்

கண்மாய்க்கரை:

வணக்கம். சொந்த ஊர் மதுரை, செல்லூர் பக்கம். வெளியூரில் டிசைன் படிக்கிறேன், கடைசி வருடம். ப்ராஜெக்டுக்கு எடுத்திருப்பது ஸ்பெகுலேட்டிவ் டிசைன். தெரியாதவர்களுக்கு ஒரு வரியில் சொல்கிறேன்: நாளைக்கே கடையில் விற்கப்போகும் பொருளை இதில் செய்ய மாட்டோம். இன்னும் நாற்பது வருடம் கழித்து ஊர் இப்படி ஆகிவிட்டால் வீட்டில் என்ன சாமான் இருக்கும், யார் என்ன வேலை பார்ப்பார்கள் என்று யோசித்து, அந்தச் சாமானை இன்றைக்கே செய்து மேசை மேல் வைப்போம். பார்க்கிறவர்களுக்குள் "இது வேணுமா வேண்டாமா" என்று ஒரு சண்டை கிளம்பினால் வெற்றி. வீட்டில் இதை விளக்கினேன். "அப்ப வேலை கிடைக்காது, அதானே" என்று அப்பா முடித்துவிட்டார்.

நான் யோசித்தது இது. வருடம் 2065. பந்தல்குடி வாய்க்கால் ஓரத்தில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் சுடுமண் உறை ஒன்று, கீழடியில் தோண்டி எடுத்தார்களே உறைகிணறு, அந்த மாதிரி வளையம் வளையமாக அடுக்கியது. உள்ளே கழிவை உண்ணும் பாக்டீரியா. வீட்டுச் சாக்கடை அதில் இறங்கித் தெளிந்து வாய்க்காலுக்குப் போகும். பாக்டீரியா செத்துப்போனால் பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி வாங்கி வந்து ஊற்றிக்கொள்ள வேண்டும், தயிருக்கு உறை வாங்குவது போல. எங்கள் அப்பத்தா ராத்திரி எட்டு மணிக்கு டம்ளரைக் கையில் கொடுத்து அனுப்பும், உறை மோர் வாங்கி வரச் சொல்லி. சண்டை போட்ட வீட்டிலும் உறை மட்டும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். கிணற்று உறை, தயிர் உறை, ரெண்டும் ஒரே சொல்லாக அமைந்ததில்தான் மொத்த ப்ராஜெக்டும் நிற்கிறது. பெயரும் "உறை" என்றே வைத்துவிட்டேன்.

சிக்கல் என்னவென்றால் போன வாரம் கைடு ஒரு கேள்வி கேட்டார். "பாக்டீரியா ஊற்றினால் தெளியும் என்றால் இத்தனை வருடம் ஏன் யாரும் ஊற்றவில்லை?" என்னிடம் பதில் இல்லை. கற்பனைதான் என்றாலும் பொய்யின் மேல் கட்டக் கூடாது என்று நினைக்கிறேன். எந்த பாக்டீரியா, எவ்வளவு நேரம், நிஜமாகவே வேலை செய்யுமா, இதில் அனுபவம் உள்ளவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். நெட்டில் படித்தால் ஒரு பக்கம் ஆய்வுக்கட்டுரை, இன்னொரு பக்கம் பாக்கெட்டில் பவுடர் விற்கிறவன், நடுவில் ஒன்றுமே இல்லை.

பழைய ஆபரேட்டர்:

தம்பி, உங்கள் கைடு கேட்டதற்கு பதில் ஒரு வரிதான். சாக்கடையில் பாக்டீரியாவுக்குப் பஞ்சமே இல்லை, அதற்கு மூச்சுவிடக் காற்றுதான் இல்லை.

இருபத்திரண்டு வருடம் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் ஷிப்ட் பார்த்தவன் நான், எந்த ஊர் என்பதை விட்டுவிடுங்கள். எங்கள் தொட்டிக்கு யாரும் வெளியிலிருந்து பாக்டீரியா வாங்கி ஊற்றியதில்லை. வருகிற கழிவிலேயே அது கோடி கோடியாக வரும். நாங்கள் செய்ததெல்லாம் ப்ளோயர் போட்டுக் காற்று கொடுத்தது, அப்புறம் அடியில் படிந்த சேற்றில் ஒரு பங்கை எடுத்துத் திரும்பவும் முதல் தொட்டிக்கே அனுப்பியது. இந்த இரண்டாவது வேலை இருக்கிறதே, அது நீங்கள் சொல்கிற உறைதான். 1914-இல் மான்செஸ்டரில் ஆர்டன், லாக்கெட் என்று ரெண்டு பேர் கண்டுபிடித்தார்கள். அதுவரை காற்று ஊதிச் சுத்தம் செய்த தண்ணீரை எடுத்துவிட்டு, படிந்த சேற்றைக் கொட்டிவிடுவார்கள். இவர்கள் கொட்டாமல் வைத்துக்கொண்டு அதன் மேலேயே புதுக் கழிவை ஊற்றிப் பார்த்தார்கள். வாரக்கணக்கில் ஆன வேலை ஒரே நாளுக்குள் முடிந்தது. நேற்றைய தயிரில் கொஞ்சம் வைத்து இன்றைய பாலில் விடுகிற அதே கணக்கு. இன்றைக்கு உலகத்தில் எத்தனையோ ஊர்களின் சாக்கடை இந்த முறையில்தான் சுத்தமாகிறது, ஆக உங்கள் கற்பனைக்கு நூறு வயது தாண்டிவிட்டது. வருத்தப்படாதீர்கள், நல்ல யோசனை என்பதற்கு அதுதான் சாட்சி.

இப்போது காற்றுக் கணக்கு. சாக்கடையில் அம்மோனியா இருக்கும், மூத்திரத்திலிருந்து வருவது. நைட்ரோசோமோனாஸ் மாதிரி ஒரு கூட்டம் அதை நைட்ரைட்டாக மாற்றும், நைட்ரோஸ்பைரா, நைட்ரோபாக்டர் கூட்டம் அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். இதற்கு ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனுக்கு நாலரை மில்லிகிராம் ஆக்சிஜன் வேண்டும். நம்ம ஊர் வெயிலில், 30 டிகிரியில், ஒரு லிட்டர் நல்ல தண்ணீரிலேயே ஏழரை மில்லிகிராம்தான் கரைந்து நிற்கும். கழிவிலோ அம்மோனியா லிட்டருக்குப் பத்து, இருபது, முப்பது மில்லிகிராம். அழுக்கைத் தின்கிற மற்ற பாக்டீரியாவும் அதே காற்றுக்குத்தான் போட்டி போடும். ஆக வெளியிலிருந்து காற்று ஊதாவிட்டால் எந்த பாக்டீரியாவை ஊற்றினாலும் மூச்சுமுட்டித்தான் கிடக்கும். காற்று வேண்டாத வேறு கூட்டம் கிளம்பி வந்து அழுகின முட்டை நாற்றத்தைக் கிளப்பும். எங்கள் பிளாண்டில் நீண்ட நேரம் கரண்ட் போனால் மீட்டரைப் பார்க்கவே வேண்டாம். நல்லாயிருக்கிற தொட்டி மழை பெய்த மண் மாதிரி மணக்கும், அது மாறி முட்டை வாடை வர ஆரம்பித்தால் போச்சு.

இன்னொன்று. தினம் காலையில் ஒரு லிட்டர் அளவுக் குடுவையில் தொட்டித் தண்ணீரை மொண்டு அரை மணி நேரம் ஆடாமல் வைப்போம். கருப்பட்டிக் காப்பி நிறத்தில் கலங்கி இருப்பது பஞ்சு பஞ்சாகத் திரண்டு அடியில் உட்காரும், மேலே கண்ணாடியாகத் தெளியும். எத்தனை மில்லி உட்கார்ந்தது என்று நோட்டில் எழுதுவோம். அந்தக் குடுவையை உங்கள் 2065 வீட்டு வாசலில் வையுங்கள். உறையை விட அது முக்கியம்.

தொட்டிமீன்:

ஆபரேட்டர் அண்ணன் சொன்னதை நான் இரண்டடித் தொட்டியில் பட்டு அனுபவித்திருக்கிறேன். முதன்முதலில் தங்கமீன் வாங்கியபோது அன்றைக்கே தொட்டி, அன்றைக்கே தண்ணீர், அன்றைக்கே ஏழு மீன். நாலாம் நாள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தது, ஆறாம் நாள் இரண்டுதான் மிச்சம். கடைக்காரர் கேட்காமலேயே ஒரு பாட்டில் பாக்டீரியா எடுத்துக் கொடுத்தார், அதையும் ஊற்றினேன், அந்த இரண்டும் போனது.

அப்புறம்தான் ஒரு பெரியவர் சொல்லிக்கொடுத்தார். மீன் இல்லாமல் ஒரு மாதம் போல ஃபில்டரை ஓடவிட வேண்டும், அம்மோனியாவுக்கு ஒரு துளி தீனி போட்டுவர வேண்டும். இந்த நைட்ரேட் பாக்டீரியா சோம்பேறிக் கூட்டம். ஈ.கோலை இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை இரண்டாகும், இதற்குப் பாதி நாளிலிருந்து ஒரு நாள் வரை ஆகும். தண்ணீரில் மிதந்துகொண்டு வேலை செய்வதை விட எதையாவது பிடித்து ஒட்டிக்கொள்ளத்தான் பார்க்கும். பஞ்சு, சரளை, உடைந்த ஓடு, எதுவானாலும் சொரசொரப்பாக இருக்க வேண்டும். விரலால் தொட்டால் வழுவழுவென்று ஒரு படலம், அதுதான் அதன் ஊர். அந்த வகையில் சுடுமண் உறை என்ற உங்கள் யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது, சுட்ட மண்ணின் துளைகளில் நன்றாக ஒட்டும்.

ஆனால் ஒரு கதை சொல்ல வேண்டும். தொட்டி நன்றாக ஓட ஆரம்பித்து எட்டு மாதம் கழித்து, வீட்டில் விருந்தாளி வருகிறார்கள் என்று அந்தப் பஞ்சைக் குழாயடியில் பிடித்துப் பளிச்சென்று பிழிந்து அலசினார் என் மனைவி. அன்றைக்குக் குழாயில் குளோரின் வாடை தூக்கலாக இருந்தது. எட்டு மாதம் வளர்ந்தது இரண்டு நிமிஷத்தில் போனது, மறு வாரம் மீனும் போனது. அவரைக் குறை சொல்ல முடியாது, அழுக்காக இருப்பதைக் கழுவுவதுதானே சுத்தம். உங்கள் 2065-இல் கொசு ஒழிக்க பிளீச்சிங் பவுடர் போட வருகிறவரும், உறை ஊற்ற வருகிறவரும் ஒரே தெருவில் எதிரெதிரே வந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். ப்ராஜெக்ட் அங்கேதான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

வடகரை வாசி:

கோபித்துக்கொள்ள வேண்டாம், கொஞ்சம் காரமாகத்தான் எழுதப் போகிறேன்.

எங்கள் அம்மா ஊரில் ஒரு ஊருணி, மேலூர் போகிற வழியில். ஒரு காலத்தில் குடித்த தண்ணீர். மண் பானையின் உள்பக்கம் தேத்தாங்கொட்டையை உரசிவிட்டு ஊருணித் தண்ணீரை ஊற்றி வைத்தால் காலையில் தெளிந்திருக்கும், ஆச்சி அப்படித்தான் செய்யும். சில வருடங்களுக்கு முன் பாசி பிடித்துப் பச்சையாகிவிட்டது. அப்போது ஒருவர் வந்தார், நன்மை செய்யும் நுண்ணுயிர் என்று மூட்டையில் ஒரு பவுடர், வெல்லத்தில் ஊறப்போட்டுக் களிமண்ணில் உருட்டி எறிந்தால் மூன்றே மாதத்தில் அடி தெரியும் என்றார். வீட்டுக்கு இவ்வளவு என்று வசூல் செய்து கொடுத்தோம். பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி உருண்டை எறியச் சொல்லி போட்டோவெல்லாம் எடுத்தார்கள். மூன்று மாதத்தில் எதுவும் ஆகவில்லை, ஐந்தாம் மாதம் மீன் செத்து மிதந்தது. ஊருணிக்குள் நாலு தெருச் சாக்கடை வந்து விழுந்துகொண்டே இருந்ததை அந்த மனிதர் ஒரு தடவை கூட நடந்து போய்ப் பார்க்கவில்லை. இந்த உருண்டை எறிகிற பழக்கம் ஜப்பானில் ஒக்கினாவாவைச் சேர்ந்த ஹிகா என்ற பேராசிரியர் 1980களில் பிரபலமாக்கிய நுண்ணுயிர்க் கலவையிலிருந்து வந்தது, மலேசியாவில் பினாங்கு பக்கம் லட்சக்கணக்கில் எறிந்திருக்கிறார்கள். பலன் இருக்கிறது என்பவர்களும் இல்லை என்பவர்களும் இன்னும் சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

2017-இல் வைகை அணையில் தெர்மாகோல் விட்ட ஊர் நம்முடையது. அது காற்றில் கரை ஒதுங்கியதைப் பார்த்து நாடே சிரித்தது. அதிலிருந்து எனக்கு "புதுமையான தீர்வு" என்று யார் சொன்னாலும் வயிற்றைக் கலக்கும். அயன்பாப்பாகுடி கண்மாயில் மழை பெய்தால் நுரை பொங்கி ரோட்டுக்கு வருகிறது, பைக்கில் போகிறவன் முகத்தில் அப்புகிறது. அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முந்தின வாரம் மட்டும் ஆகாயத்தாமரையை அள்ளுகிறோம். இந்த நிலைமையில் 2065-இல் வாசலில் பானை வைப்பதைப் பற்றிப் பேசினால், இன்றைக்குச் சாக்கடையைக் கண்மாயில் திருப்பிவிடுகிறவனுக்கு அது வசதியாகத்தான் இருக்கும். "பாருங்கள், பாக்டீரியா வரப்போகிறது" என்று சொல்லிவிட்டு அவன் பாட்டுக்குத் திருப்பிவிடுவான். முதலில் சாக்கடைக்குக் குழாய், அப்புறம் கற்பனை.

சுங்குடி வீடு:

வடகரை அண்ணன் சொல்வது சரிதான், ஆனால் எல்லாவற்றையும் ஒரே குழாயில் விட்டுவிட்டால் போதும் என்பதும் சரியாக இல்லை. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகச் சேலைக்குச் சாயம் போடுகிறோம். தாத்தா காலத்தில் வைகையில் இறங்கி நின்றுதான் அலசுவார்கள், ஆறு அன்றைக்கு எந்த நிறத்தில் ஓடுகிறது என்பதை வைத்து யார் வீட்டில் என்ன சாயம் என்று சொல்லிவிடுவார்களாம். பெருமையாகச் சொல்வார், எனக்குக் கேட்கக் கூச்சமாக இருக்கும்.

உறை வைக்கிற தம்பிக்கு ஒரு எச்சரிக்கை. ரசாயனச் சாயத்தில் பெரும்பகுதி அசோ வகை. இரண்டு நைட்ரஜன் அணு கைகோத்து நிற்கும் இடத்தில்தான் நிறத்தின் உயிர் இருக்கிறது. காற்றில்லாத தொட்டியில் பாக்டீரியா அந்தக் கையை வெட்டிவிடும், ஓரிரு நாளில் சிவப்புத் தண்ணீர் வெள்ளையாகிவிடும். இதைக் காட்டித்தான் நிறைய பேர் ஏமாற்றுகிறார்கள். வெட்டுப்பட்ட துண்டுகள் அமீன்கள், அதற்கு நிறம் கிடையாது, ஆனால் சிலது புற்றுநோய் வரவழைப்பது. நிறத்தோடு இருந்தபோதாவது கண்ணுக்குத் தெரிந்தது. அடுத்த தொட்டியில் காற்று கொடுத்து வேறு கூட்டத்தை வைத்து அந்தத் துண்டுகளையும் தின்ன விட்டால்தான் வேலை முடிந்தது. ஒரே உறைக்குள் இரண்டும் நடக்காது, காற்றில்லாத உறை கீழே, காற்றுள்ள உறை மேலே என்று வைக்க வேண்டியிருக்கும்.

அப்புறம் உப்பு. சாயம் நூலில் ஏற மூட்டை மூட்டையாக உப்பு போடுகிறோம். எந்த பாக்டீரியாவும் உப்பைத் தின்னாது. காய்ச்சி வற்றவைக்க வேண்டும், இல்லை சவ்வு வைத்துப் பிரிக்க வேண்டும், இரண்டுக்கும் காசு. திருப்பூரில் 2011-இல் உயர்நீதிமன்றம் சாயப் பட்டறைகளை மூடச் சொன்னதே, அந்தச் சண்டையில் பாதி இந்த உப்பைப் பற்றியதுதான். நொய்யலில் விட்ட உப்பு ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழே இருந்த வயலெல்லாம் கெட்டது. உங்கள் கதையில் பாக்டீரியாவால் ஆகாததும் ஒன்று இருக்கட்டும். எல்லாம் செய்யும் என்று வைத்தால் அது பவுடர் விற்கிறவர் கதைதான்.

களிமண்:

நான் டிசைன் பக்கம் இருப்பவன், பானையும் செய்வேன். இப்படி நுண்ணுயிரை வைத்து ஏற்கெனவே செய்தவர்கள் இருக்கிறார்கள், தெரிந்துகொண்டால் உதவும்.

2009-இல் கேம்பிரிட்ஜ் மாணவர்கள் ஈ.கோலை பாக்டீரியாவின் மரபணுவை மாற்றிப் பல நிறங்களில் சாயம் சுரக்க வைத்தார்கள், தண்ணீரில் நச்சு இருந்தால் நிறம் காட்ட வைக்கலாம் என்று. அதோடு டெய்சி கின்ஸ்பெர்க், ஜேம்ஸ் கிங் என்ற இரண்டு டிசைனர்கள் சேர்ந்தார்கள். அவர்கள் கற்பனையில் வருங்கால மனிதன் ஒரு தயிர்ப்பானம் குடிப்பான், வயிற்றில் நோய் இருந்தால் மறுநாள் மலம் அதற்கான நிறத்தில் வரும். அதற்கு ஒரு பெட்டி நிறைய மாதிரி மலமே செய்து வைத்து, கூட்டங்களுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். சிரிப்பார்கள், முகம் சுளிப்பார்கள், அப்புறம் இது வேண்டுமா என்று பேச ஆரம்பிப்பார்கள். உங்கள் அப்பத்தாவின் உறை மோருக்குத் தூரத்துச் சொந்தம் போலத்தான் இருக்கிறது அது.

இன்னொன்று, லண்டன் பார்ட்லெட் கல்லூரியின் ஆய்வுக்கூடம் ஒன்று 2019-இல் காட்டிய ஓடுகள். இலை நரம்பு மாதிரி வாய்க்கால் பதித்த களிமண் ஓடு, நரம்புக்குள் கடற்பாசிக் கூழில் நுண்பாசி. இந்தியாவில் சிறு பட்டறை வைத்திருக்கிறவர்கள் சுவரில் பதித்துக்கொண்டு மேலிருந்து தண்ணீரை வழியவிட்டால் உலோக நச்சைப் பாசி பிடித்துக்கொள்ளும் என்பது யோசனை. அதில் எனக்குப் பிடித்தது, கூழ் தீர்ந்ததும் வழித்தெடுத்துப் புதிதாகப் பூசிக்கொள்ளலாம் என்பது. அந்த வழிக்கிற கையை யோசித்திருக்கிறார்கள். (மரபணு மாற்றிய பாக்டீரியாவை நம்ம ஊரில் கண்மாயில் விடுவது பற்றி யாராவது கேட்பார்கள், தயாராக இருங்கள். அதற்கு 1989-லிருந்தே தனி விதிகள் இருக்கின்றன, மத்தியக் குழுவின் அனுமதி இல்லாமல் வெளியில் விட முடியாது.)

கற்பனையே இல்லாத ஒன்றும் சொல்கிறேன். கொல்கத்தாவுக்குக் கிழக்கே 12,500 ஹெக்டேர் சதுப்பு நிலம். ஊர்ச் சாக்கடையை ஆழமில்லாத குளங்களில் விட்டு வெயில் படவைப்பார்கள். பாக்டீரியா அழுக்கைத் தின்னும், அது விடுவதைப் பாசி தின்று ஆக்சிஜன் விடும், அந்த ஆக்சிஜன் திரும்ப பாக்டீரியாவுக்கு. பாசியை மீன் தின்னும், மீனை ஊர் தின்னும். ப்ளோயர் கிடையாது, வெயில்தான். 2002-இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் உள்ள சதுப்பு நிலங்களின் பட்டியலில், சேர்த்தார்கள். அங்கே சாமான் என்று பார்த்தால் மடையும் வலையும்தான். ஆனால் எப்போது எவ்வளவு கழிவை உள்ளே விட வேண்டும் என்று தெரிந்த மீனவர்கள் இருக்கிறார்கள்.

அதனால்தான் சொல்கிறேன், உறை வளையத்தை அழகாகச் செய்வதோடு நிறுத்தாதீர்கள். நம்ம பக்கம் கண்மாய்க்கு நீர்ப்பாய்ச்சி என்று ஒருவர் இருப்பார், மடை திறப்பது அடைப்பது எல்லாம் அவர் வேலை, அறுவடையில் அவருக்கு நெல் அளப்பார்கள். அந்த ஆள் போன பிறகுதான் கண்மாய் கெட்டது என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். 2065-இல் அந்த வேலைக்கு என்ன பெயர், சம்பளம் யார் தருவது, அவர் கையில் என்ன கருவி இருக்கும்? அந்த வேலையை வழக்கம்போல ஒரே சாதி ஆட்கள் தலையில் கட்டிவிடுவோமா? சுடுமண் வளையத்துக்குள் சேறு வழிக்கப் போகிறவர் யார் என்று உங்கள் மேசையில் ஏதாவது ஒன்று சொல்லாவிட்டால், அழகான பானையைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள்.

கண்மாய்க்கரை:

எல்லோருக்கும் நன்றி, இரண்டு நாளாகத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். முதலில் ஒரு திருத்தம், தம்பி இல்லை அண்ணே, தங்கச்சி.

வடகரை அண்ணே, உங்கள் கோபம் நியாயம், ஆனால் முதலில் குழாய் அப்புறம் கற்பனை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. குழாய் போட்ட தெருக்களும் நம்ம ஊரில் இருக்கின்றன, குழாய் போய் முடிகிற இடத்தில் என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது, யாரும் கேட்பதும் இல்லை. அந்தக் கேள்வியைத்தான் வாசலுக்குக் கொண்டுவரப் பார்க்கிறேன். ஆனாலும் உங்கள் ஊருணி உருண்டையை ப்ராஜெக்டில் சேர்த்துக்கொள்கிறேன், அனுமதி உண்டா? 2065-இலும் ஒருவர் மூட்டையோடு வருவார், அவருடைய நோட்டீஸ் ஒன்று அச்சடித்து வைக்கப் போகிறேன், "மூன்றே மாதத்தில் அடி தெரியும்" என்று.

மாற்றியது இது. வளையம் இரண்டாகிறது, கீழே காற்றில்லாதது, மேலே காற்றுள்ளது. பக்கத்தில் ஆபரேட்டர் அண்ணனின் ஒரு லிட்டர் குடுவை, ஒரு நோட்டு. நோட்டில் ஒரு தெருவின் ஒரு வருடக் கணக்கு, கையெழுத்தில். எந்த வீட்டில் என்றைக்கு உறை செத்தது, யார் பிளீச்சிங் ஊற்றியது, யார் வீட்டில் கடன் வாங்கியது, உப்புத் தண்ணீர் விட்ட வீட்டுக்கு என்ன அபராதம் என்று. படித்தால் தெருச் சண்டை மாதிரியே இருக்கும். உறையைப் பார்த்துக்கொள்கிற முறைக்காரர் பெயர் மாதா மாதம் மாறும், சீட்டுக் குலுக்கி. எங்கள் அப்பத்தாவைத் தலைவி ஆக்கிவிட்டேன்.

ஒரே ஒரு சந்தேகம் மிச்சம். நுரை. அதைத் தின்கிற பாக்டீரியா இருக்கிறதா, இல்லையா?

பழைய ஆபரேட்டர்:

மன்னித்துக்கொள் தங்கச்சி, பெயரைப் பார்த்து எழுதிவிட்டேன்.

நுரைக்கு ஒரு கதை இருக்கிறது. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு சோப்புத்தூள் வந்ததும் ஐரோப்பா, அமெரிக்கா ஆறுகளிலெல்லாம் நுரை மலை மலையாக நின்றது, நம்ம அயன்பாப்பாகுடி ஒன்றும் புதிதில்லை. காரணம் அந்தத் தூளில் இருந்த மூலக்கூறு கிளை கிளையாகப் பிரிந்திருந்தது, பாக்டீரியாவால் கடிக்க முடியவில்லை. அதற்காக யாரும் புது பாக்டீரியா தேடிப் போகவில்லை. 1960களில் சோப்பை மாற்றினார்கள். கிளை இல்லாத நேர்ச் சங்கிலியாகச் செய்தார்கள், பாக்டீரியா ஒரு முனையில் பிடித்து முறுக்குத் தின்கிற மாதிரி கடித்துக்கொண்டே போய்விட்டது. ஜெர்மனியில் சட்டமே போட்டார்கள். இன்றைக்கு நாம் பயன்படுத்துவதும் பெரும்பாலும் அந்த நேர்ச் சங்கிலிதான். ஆனால் அதைத் தின்னவும் காற்று வேண்டும். காற்றில்லாத சாக்கடையாகவே கண்மாய்க்கு வந்து, மறுகாலில் விழுந்து அடிபட்டால் நுரைக்கத்தான் செய்யும். ஆக பாக்டீரியா இருக்கிறது. நோட்டில் துணி துவைக்கிற நாளையும் எழுதிக்கொள், ஞாயிற்றுக்கிழமை உறை திணறும்.

அப்புறம் ப்ராஜெக்டை மதிப்பிட வருகிற ஜூரி முன்னால் வைக்க உயிரோடு ஒன்று வேண்டும் என்றால், வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய விஞ்ஞானி 1880களில் செய்தது ஒன்று இருக்கிறது, காசே ஆகாது. நைட்ரேட் பாக்டீரியாவைக் கண்டுபிடித்தவரும் அவர்தான். உயரமான கண்ணாடி பாட்டில் ஒன்று எடு. கண்மாய்ச் சேறு முக்கால் பாகம், அதில் கிழித்துப் போட்ட பழைய பேப்பர், ஒரு முட்டையின் மஞ்சள் கரு, ஓட்டையும் பொடித்துப் போடு. மேலே நாலு விரல் கண்மாய்த் தண்ணீர். ஜன்னலோரம் வெளிச்சம் படுகிற இடத்தில் வைத்துவிட்டு மறந்துவிடு. முதல் இரண்டு வாரம் நாற்றமும் கறுப்பும்தான். ஆறு வாரம், எட்டு வாரம் ஆகும்போது அடியில் கறுப்பு, அதற்கு மேல் பச்சை, அதற்கு மேல் கத்தரிப்பூ நிறம், துரு நிறம், உச்சியில் பாசி என்று பட்டை பட்டையாகப் பிரிந்து நிற்கும், ஒவ்வொன்றும் ஒவ்வொரு கூட்டம், யாருக்கு எவ்வளவு காற்றும் வெளிச்சமும் பிடிக்குமோ அந்த மாடியில் குடியிருக்கும். நீ வெளியிலிருந்து ஒன்றும் ஊற்றியிருக்க மாட்டாய், எல்லாம் செல்லூர்க்காரர்கள். உன் கைடு கேட்ட கேள்விக்கு அந்த பாட்டிலைத் தூக்கிக் காட்டு.

வடகரை வாசி:

உருண்டைக்கு அனுமதி உண்டு. நோட்டீஸில் பிள்ளைகள் வரிசையில் நிற்கிற படத்தையும் போடு. சேறு எடுக்க யாராவது கூட வர வேண்டும் என்றால் ஞாயிறு காலை நான் வருகிறேன், என்னிடம் மண்வெட்டி இருக்கிறது. கரையில் கண்ணாடிச் சில்லு கிடக்கும், செருப்போடு இறங்கு. கையுறை போடாமல் சேற்றைத் தொடாதே.

கண்மாய்க்கரை:

வருகிறேன் அண்ணே, ஆறரை மணி. ஜூரிக்கு இன்னும் ஒன்பது வாரம் இருக்கிறது, கணக்கு சரியாக வருகிறது. அம்மா ஒன்று கேட்கிறார்: முட்டை பச்சையாகவா, வேகவைத்தா? அதோடு, இந்த பாட்டிலை எந்த ஜன்னலில் வைப்பேன் என்றும் கேட்கிறார், அதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

பழைய ஆபரேட்டர்:

வேகவைத்து மஞ்சளை உதிர்த்துப் போட்டால் கலக்க லேசாக இருக்கும். சமையலறை ஜன்னல் வேண்டாம். மாடிப்படி ஜன்னலில் வை. மூடியை மட்டும் இறுக்கிவிடாதே, உள்ளே வாயு சேர்ந்து பாட்டில் வெடித்தால் அம்மா என்னைத்தான் தேடுவார்.